டிரெட்மில்லிலிருந்து சாலைக்கு: கொடைக்கானலில் ஓடத் தொடங்குபவர் எந்த வழியைத் தேர்வது?

கொடைக்கானலில் குடியிருந்து, வீட்டிலோ ஜிம்மிலோ டிரெட்மில்லில் இருபது முப்பது நிமிடம் நிற்காமல் ஓடும் அளவுக்குத் தேறிவிட்ட ஒருவர் இனி வெளியில் ஓடலாம் என்று எண்ணும்போது, அவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. டிரெட்மில்லையே தொடர்ந்து, அதில் ஏற்றத்தைக் கூட்டிக்கொண்டு போவது முதலாவது. ஏரியைச் சுற்றி வரும் சாலைக்கு மாறுவது இரண்டாவது. அப்சர்வேட்டரிக்கு (சூரிய ஆய்வுக்கூடத்துக்கு) ஏறுவதாக இருந்தாலும் செண்பகனூருக்கு இறங்குவதாக இருந்தாலும், வீட்டு வாசலில் தொடங்கும் மலைச் சாலையிலேயே ஓடிப் பழகிக்கொள்வது மூன்றாவது. சமவெளி நகரங்களை மனத்தில் வைத்துச் சொல்லப்படும் அறிவுரைகளில் வெயிலும் வியர்வையும்தான் பெரிய இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இங்கே முடிவைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு: சாலையின் சரிவும், ஓடுவதற்கு நமக்கு வாய்க்கும் நேரமும்.

தேவையில்லாமல் பலரைத் தயங்கவைக்கும் ஒன்றை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். மலையில் ஆக்சிஜன் குறைவு, அதனால் வெளியில் ஓடினால் மூச்சு வாங்கும் என்பார்கள். மூச்சு வாங்குவது உண்மைதான். ஆனால் ஜிம்முக்குள் இருப்பதும் அதே மலைக்காற்றுதானே. கொடைக்கானல் நகரம் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 78 சதவீதமே இருக்கும் என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைகிறது. இதன் விளைவு சிறியதன்று. 1968ஆம் ஆண்டு ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ சிட்டியின் உயரம் 2,240 மீட்டர்; நம் ஊட்டியின் உயரமும் அதுவே. 10,000 மீட்டர் ஓட்டத்தில் அன்றைய உலக சாதனை ஆஸ்திரேலியரான ரான் கிளார்க்கின் 27 நிமிடம் 39.4 வினாடி. மெக்சிகோவில் தங்கம் வென்ற கென்யாவின் நஃப்தாலி டெமுவுக்கு 29 நிமிடம் 27.4 வினாடி பிடித்தது. ஆறாவதாக வந்த கிளார்க் ஓடி முடித்ததும் மயங்கி விழுந்தார். எனினும், இங்கேயே வசித்து இங்கேயே டிரெட்மில்லில் ஓடிவந்தவரின் உடல் இந்தக் காற்றுக்கு ஏற்கெனவே பழகியிருக்கும். மதுரையிலோ கோயம்புத்தூரிலோ ஜிம்மில் ஓடிவிட்டு, பணி மாறுதலில் இங்கு வந்திருப்பவருக்கு மட்டுமே கணக்கு வேறு. அவர் மூன்றில் எந்த வழியை எடுத்தாலும், முதல் சில வாரங்களுக்குத் தம் பழைய வேகத்தை மறந்துவிடுவது நல்லது.

ஜிம்களில் அடிக்கடி காதில் விழும் இன்னொரு சொல், டிரெட்மில்லில் 1 சதவீத ஏற்றம் வைத்து ஓடினால்தான் வெளியில் ஓடுவதற்குச் சமம் என்பது. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது ஆண்ட்ரூ ஜோன்ஸ், ஜோனதன் டூஸ்ட் ஆகிய இருவரும் 1996இல் வெளியிட்ட ஆய்வு. அதில் ஓடியவர்கள் நன்கு பயிற்சி பெற்றவர்கள். சோதிக்கப்பட்ட வேகமோ மணிக்கு ஏறத்தாழ 10.5 கிலோமீட்டர் முதல் 18 கிலோமீட்டர் வரை. வெளியில் ஓடுபவர் எதிர்க்காற்றைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருப்பதால் ஆகும் கூடுதல் உழைப்பை அந்த 1 சதவீதம் ஈடுசெய்கிறது என்பதே அவர்கள் கண்டது. மணிக்கு 7 அல்லது 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் புதியவருக்குக் காற்றின் எதிர்ப்பு பொருட்படுத்தத் தக்கதன்று. மலையில் காற்றின் அடர்த்தியே குறைவு என்பதால் இங்கே இன்னும் குறைவு. ஆக, சமதளமான சாலையில் ஓடுவதற்கும் டிரெட்மில்லில் ஓடுவதற்கும் நுரையீரல் செய்ய வேண்டிய வேலையில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வேகத்தை யார் வைத்திருப்பது என்பதில் இருக்கிறது. டிரெட்மில்லில் அதைப் பெல்ட் வைத்திருக்கிறது; வெளியில் அதை நாமே வைத்துக்கொள்ள வேண்டும். சமவெளியில் உடல் சூடேறி வியர்த்துக் கொட்டுவதே ஒருவரை அடக்கிவிடும். 12 டிகிரிக் குளிரில் அந்த எச்சரிக்கை தாமதமாகத்தான் வரும் என்பதால், முதல் ஐந்து நிமிடத்தில் கால் போன போக்கில் ஓடிவிட்டுப் பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களை ஏரிக்கரையில் எந்நாளும் பார்க்கலாம். பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று அவ்வப்போது சோதித்துக்கொள்வது, கைக்கடிகாரம் காட்டும் எண்ணைவிட நம்பகமானது.

சரிவுக்கு வருவோம். இந்த ஊரில் ஏரிச் சாலையை விட்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம் அல்லது இறக்கம்தான். ஓட்டத்துக்கு ஆகும் ஆக்சிஜனைக் கணிக்க அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் தந்துள்ள சமன்பாட்டின்படி, மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் சமதளத்தில் ஓடுபவர் அதே வேகத்தில் 5 சதவீத ஏற்றத்தில் ஏறினால், உடலுக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் ஆக்சிஜன் தேவைப்படும். உழைப்பைக் கூட்டாமல் ஏற வேண்டுமென்றால் வேகத்தை 6.5 கிலோமீட்டர் அளவுக்குக் குறைக்க வேண்டும். அது கிட்டத்தட்ட வேகநடைதான். 5 சதவீதம் என்பது நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஏறுவது. மலைச் சாலையில் இதை ஏற்றம் என்றுகூட யாரும் சொல்ல மாட்டார்கள். ஊட்டி மலை ரயில் பல்சக்கரத்தின் துணையோடு ஏறும் மிகச் செங்குத்தான பகுதியே பன்னிரண்டுக்கு ஒன்று, அதாவது 8.33 சதவீதம் என்பதை நினைத்துப் பார்த்தால், நம் ஊர்ச் சந்துகளில் சில எந்த ரகத்தைச் சேர்ந்தவை என்பது விளங்கும். இந்த ஏற்றத்துக்கு டிரெட்மில்லில் நன்றாகவே தயாராகலாம். 3 சதவீதம், 5 சதவீதம் என்று பொத்தானை அழுத்தி, இரண்டு நிமிடம் ஏறி இரண்டு நிமிடம் சமதளத்தில் ஓடினால், இதயமும் கெண்டைக்காலும் ஏற்றத்துக்குப் பழகிவிடும்.

டிரெட்மில்லால் கற்றுத்தர முடியாதது இறக்கம். பெரும்பாலான டிரெட்மில்கள் பூச்சியத்துக்குக் கீழே சாய்வதில்லை. அதில் மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கலாம், ஒரு மீட்டர்கூட இறங்க வேண்டியதில்லை. வெளியிலோ ஏறிய ஒவ்வொரு மீட்டரையும் இறங்கித்தான் வீடு சேர வேண்டும். இறக்கத்தில் ஓடும்போது முன்தொடைத் தசைகள் நீண்டுகொண்டே சுமை தாங்குகின்றன. ஒவ்வோர் அடியும் பிரேக் பிடிப்பது மாதிரி. சுருங்கிக்கொண்டே சுமை தூக்கும்போது ஏற்படுவதைவிட, நீண்டுகொண்டே சுமை தாங்கும்போதுதான் தசை நார்களில் நுண்ணிய சேதம் அதிகம் ஏற்படுகிறது. ஆனால் ஓடும்போது அது தெரியாது. மூச்சு வாங்குவதில்லை, கால் தானாகப் போகிறது, நன்றாக ஓடுகிறோம் என்ற மகிழ்ச்சிகூட வரும். மறுநாள் காலை லேசான இறுக்கம் தொடங்கி, இரண்டாம் நாள் மாடிப்படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாகக் கால் வைக்க வேண்டியிருக்கும். ஏறுவதில் மட்டும் ஒரு தொல்லையும் இராது. ஓடியதால் முட்டி போய்விட்டது என்று இதைத் தவறாக எண்ணி ஓட்டத்தையே விட்டுவிடுபவர்கள் உண்டு. தொடைச் சதை முழுவதும் பரவலாக வலித்து நான்கைந்து நாளில் தானாகத் தீர்ந்தால் அது இந்த வகை வலிதான். முட்டியில் ஒரே இடத்தில் குத்தினாலோ, வீங்கினாலோ, ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ அது வேறு. மருத்துவரிடம் காட்ட வேண்டியது. நல்ல செய்தி என்னவென்றால், சிறிய அளவில் ஒரு தடவை இறங்கிப் பழகிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையால் அவ்வளவு பாதிக்கப்படுவதில்லை. ஆகவே இறக்கத்தைத் தவிர்க்க வேண்டியதில்லை. சிறு சிறு அளவாகச் சேர்த்துக்கொண்டால் போதும். நடந்து இறங்குவதும் கணக்கில் சேரும்.

இந்த வெளிச்சத்தில் மூன்று வழிகளையும் எடைபோட்டால், டிரெட்மில்லுக்குச் சாதகமாகச் சொல்ல நிறையவே இருக்கிறது. கொடைக்கானலுக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பல நாள்கள் வாசலைத் தாண்டுவதே பாடு. மாலை ஆறு மணிக்கு மேல்தான் ஓட முடியும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு ஆண்டு முழுவதும் இதுவே பாதுகாப்பானது. ஆனால் அதே மழைக்காலத்தில்தான் மரம் விழுந்து மின்சாரம் நிற்பதும் நடக்கிறது. வீட்டு இன்வெர்ட்டர் இரண்டு குதிரைத்திறன் மோட்டாரைத் தாங்காது. ஓடிக்கொண்டிருக்கையில் பெல்ட் சட்டென்று நின்றால் முன்னால் சாய்ந்து விழ நேரிடும் என்பதால், கைப்பிடிக்கு எட்டிய தூரத்தில் ஓடுவதும், அவசர நிறுத்தத்துக்கான கிளிப்பைச் சட்டையில் மாட்டிக்கொள்வதும் இங்கே வெறும் சம்பிரதாயம் அல்ல. டிரெட்மில் காட்டும் வேகத்தையும் தூரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெல்ட் தேய்ந்தோ தளர்ந்தோ இருந்தால் திரையில் 8 என்று காட்டுவது உண்மையில் எட்டாக இருக்காது. வெளியில் வந்ததும் வேகம் குறைந்துவிட்டதே என்று மனம் வாடுவதில் பாதி இந்தக் கோளாறால் வருவது.

இரண்டாவது வழியான ஏரிச் சாலைதான், என் கருத்தில், பெரும்பாலோர் முதலில் எடுக்க வேண்டியது. 1863இல் வியர் ஹென்றி லெவிஞ்ச் ஓடையை மறித்துக் கரை கட்டி உருவாக்கிய இந்த ஏரியைச் சுற்றி ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டருக்குச் சாலை ஓடுகிறது. நீர்மட்டத்தை ஒட்டியே போவதால், லேசான மேடு பள்ளங்களைத் தவிர்த்தால், இந்த ஊரில் இவ்வளவு நீளத்துக்குச் சமதளமாகக் கிடைக்கும் சாலை வேறு இல்லை. டிரெட்மில்லில் பழகிய காலுக்கு இங்கே புதிதாக ஒரே ஒரு மாற்றம்தான்: தளம். டிரெட்மில்லின் பலகை சற்றே அமுங்கிக் கொடுக்கும், தார்ச்சாலை கொடுக்காது. மழைநீர் வடிவதற்காகச் சாலையின் ஓரம் சற்றே சாய்த்துப் போடப்பட்டிருக்கும் என்பதால், எப்போதும் ஒரே ஓரமாக ஓடினால் ஒரு கணுக்காலுக்கு மட்டும் வேலை கூடும். விடிந்த கொஞ்ச நேரத்தில் போனால் வாடகை சைக்கிள்கள் இன்னும் சங்கிலியில் கோத்தபடி சாய்ந்து நிற்கும். சவாரிக் குதிரைகள் வந்திருக்காது, ஆனால் முந்தைய நாளின் லத்தி சாலையோரம் பனியில் ஊறி, தைலமரச் சருகுகளோடு சேர்ந்து கிடக்கும். அடிப்பகுதி தேய்ந்து வழவழப்பான ஜிம் ஷூவோடு அதன்மேல் கால் வைத்தால் வழுக்கும். இதற்காக மலையேற்ற ஷூ வாங்க வேண்டியதில்லை. ரப்பர் பிடிமானம் தேயாத சாதாரண ஓட்ட ஷூ போதும்.

ஏரிச் சாலையில் புதியவர்கள் எண்ணிப் பார்க்காத ஒரு சிக்கல் அதன் வடிவம். நட்சத்திரம்போல் கைகளை நீட்டிக் கிடக்கும் ஏரி என்பதால் சாலை உள்ளே போய் வளைந்து மீண்டும் வெளியே வருகிறது. எதிர்க்கரை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், ஆனால் குறுக்குவழி கிடையாது. டிரெட்மில்லில் சோர்ந்தால் பொத்தானை அழுத்தி இறங்கிவிடலாம். இங்கே பாதிச் சுற்றில் சோர்ந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டரை கிலோமீட்டர் நடந்தாக வேண்டும், அதுவும் வியர்வை குளிர்ந்து உடல் நடுங்கிக்கொண்டு. ஆகவே முதல் சில வாரங்களுக்கு முழுச் சுற்று என்ற ஆசையை விட்டுவிட்டு, பத்து நிமிடம் போய் வந்த வழியே பத்து நிமிடத்தில் திரும்புவதே உசிதம். திரும்பும்போது பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால், போகும்போது வேகமாகப் போய்விட்டோம் என்பது தனியே யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும்.

கிழமையும் பருவமும் இந்த வழியைப் புரட்டிப் போடக்கூடியவை. வேலைநாள் காலையில் அருமையாக இருக்கும் அதே சாலை, ஏப்ரல் மே சீசனில் ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு ஓடுவதற்கு உரியதாக இருப்பதில்லை. வாகனங்களுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் நடைமுறை வந்த பிறகும் இந்த நிலைமை பெரிதாக மாறிவிட்டதாகச் சொல்ல முடியாது. வாரக் கடைசியில் மட்டுமே ஓய்வு கிடைப்பவர் ஆறரை மணிக்கு ஏரியில் இருக்க வேண்டும், இல்லையென்றால் டிரெட்மில்லோடு இருந்துகொள்ளலாம்.

அதற்கும் முன்னதாக, நான்கரை ஐந்து மணிக்கே ஓடிவிடலாமே என்று சமவெளிக்காரர்கள் கேட்பார்கள். இங்கே கூடாது. காட்டுமாடுகள் இரவில் தோட்டங்களுக்கும் தெருக்களுக்கும் இறங்கி, விடியும்வரை நிற்பது நகரத்துக்குள்ளேயே வழக்கமாகிவிட்டது. வளர்ந்த கடா ஒரு டன் வரை எடை இருக்கும். இருட்டிலும் மூடுபனியிலும் பத்தடி தூரத்துக்கு வரும்வரை அது நிற்பதே தெரியாது. நடந்து வருபவரைவிட, காலடி அதிர ஓடி வருபவர்தான் அதை மிரளச் செய்வார். கண்டால் ஓட்டத்தை நிறுத்தி, முதுகு காட்டாமல் மெதுவாகப் பின்வாங்கி, அது போகும் பாதையை விட்டு விலகி நிற்க வேண்டும். செல்ஃபோனில் படம் எடுக்க நெருங்குவது வெளியூர்க்காரர் செய்யும் வேலை. காதில் ஹெட்ஃபோன் வேண்டாம் என்பதற்கு மற்ற ஊர்களில் வாகனங்கள் காரணம், இங்கே இது கூடுதல் காரணம். தெருநாய்களுக்கும் இதே விதிதான்: ஓடினால் துரத்தும், நின்றால் பெரும்பாலும் அடங்கிவிடும். நன்றாக விடிந்த பிறகு, முடிந்தால் ஒரு துணையோடு ஓடுவது, குறிப்பாகப் பெண்களுக்கு, ஆள் நடமாட்டமில்லாத சாலைகளைப் பற்றிய கவலையையும் சேர்த்தே தீர்க்கும். டிசம்பர் ஜனவரியில் ஏரியை ஒட்டிய புல்வெளிகளில் உறைபனி படியும் நாள்களில் இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப்போனால்கூடத் தவறில்லை. குளிர்ந்த வறண்ட காற்றை வாய்வழியாக இழுத்து ஓடும்போது சிலருக்கு மூச்சுக்குழல் சுருங்கி இழுப்பும் இருமலும் வரும். ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டே குளிர்கால ஓட்டத்தைத் தொடங்க வேண்டும். வெயில் சுடவில்லை என்பதற்காக அதை அலட்சியம் செய்யவும் கூடாது. உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர்களின் தாக்கமும் கூடும், எட்டு மணிக்கு மேல் ஓடினால் தொப்பி வேண்டும்.

மூன்றாவது வழியில் ஒரு பெரிய வசதி, வீட்டுக் கதவைத் திறந்ததும் ஓட்டம் தொடங்கிவிடுகிறது என்பதே. வில்பட்டியிலோ பெருமாள்மலையிலோ இருப்பவர் ஓடுவதற்காக ஏரிவரை வண்டி எடுத்துக்கொண்டு வருவது நாள்தோறும் நடக்கிற காரியமல்ல. ஆனால் மலைச் சாலையில் நடைபாதை கிடையாது. வளைவுகளில் எதிரே வருவது கண்ணுக்குத் தெரியாது. வலப்பக்கமாக ஓடி எதிரே வரும் வாகனத்தைப் பார்த்துக்கொள்வது பொது விதி என்றாலும், வலப்பக்கம் திரும்பும் குருட்டு வளைவில் மலைச்சுவரை ஒட்டி ஓடுபவரை ஓட்டுநர் கடைசி நொடியில்தான் காண்பார். அங்கே மட்டும் முன்கூட்டியே மறுபக்கம் கடந்துகொள்ள வேண்டும். இதற்கெல்லாம் கவனம் வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் புதியவரிடம் அந்தக் கவனம் மிஞ்சியிருக்காது. சரிவு, இறக்கம், வாகனம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் தலையில் ஏற்றிக்கொள்வதால்தான் இதை முதல் வழியாக நான் பரிந்துரைப்பதில்லை. ஏரிக்கு வர முடியாதவர்களுக்குப் பக்கத்துப் பள்ளியின் மைதானம், அனுமதி கிடைத்தால், மேலான மாற்று. சுற்றிச் சுற்றி வருவது அலுப்புதான், ஆனால் சமதளம். கோக்கர்ஸ் வாக்கை இந்தப் பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை: ஒரு கிலோமீட்டர் நீளமே உள்ள குறுகிய பாதை, கட்டணமும் உண்டு, காட்சி பார்க்க நிற்பவர்களை ஓடுபவர் இடித்துக்கொண்டு போவது முறையும் அல்ல.

மாறுவது எனத் தீர்மானித்தவர் ஒரேயடியாக மாற வேண்டாம். வாரம் மூன்று நாள் டிரெட்மில்லில் ஓடுபவர் முதல் மூன்று வாரம் அதில் ஒரு நாளை மட்டும் ஏரிக்குக் கொடுக்கலாம். தூரத்தைக் கணக்கிடாமல் நேரத்தைக் கணக்கிட்டு, நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்ற வகையில் இருபது நிமிடம். கணுக்காலிலும் கீழ்க்காலின் முன்னெலும்பு ஓரத்திலும் வலி ஏதும் தலைகாட்டவில்லை என்றால் இரண்டு நாளாக்கலாம். மூன்றாவது நாளை டிரெட்மில்லிலேயே விட்டுவைத்து, அன்று ஏற்றப் பயிற்சியைச் செய்வது எனக்குச் சரியாகப் படுகிறது: ஏரி சமதளத்தையும் வேகக் கட்டுப்பாட்டையும் கற்றுத்தரும், டிரெட்மில் ஏற்றத்தைக் கற்றுத்தரும், மழைக்காலம் வந்தால் ஓட்டம் அறுந்துபோகவும் செய்யாது. வருடச் சந்தா கட்டிய ஜிம்மை விட்டுவிடலாமா என்று கேட்பவர்களுக்கு, வடகிழக்குப் பருவம் ஒன்று கழியும்வரை விட வேண்டாம் என்பதே என் பதில். மாலை நேரம் மட்டுமே வாய்ப்பவருக்கும், காட்டுமாட்டுப் பயம் தீராதவருக்கும் டிரெட்மில்லை முழுநேர வழியாக வைத்துக்கொள்வதில் குறைவொன்றும் இல்லை. அவர்கள் இழப்பது இறக்கத்தை மட்டுமே, அதையும் விடுமுறை நாளில் நடந்து இறங்கி ஓரளவு ஈடுசெய்யலாம்.

இரண்டு மூன்று மாதத்தில் ஏரியை நிற்காமல் ஒரு முறை சுற்றிவர முடிகிறது என்றால் மலைச் சாலைக்குப் போகலாம். அப்சர்வேட்டரிச் சாலை அதற்கு நல்ல தொடக்கம். 1899இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வுக்கூடம் 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நகரத்திலிருந்து இருநூறு மீட்டருக்கும் மேல் ஏறியாக வேண்டும். ஏறும்போது மூச்சு திணறினால் தயங்காமல் நடக்கலாம், உச்சியில் ஐந்து நிமிடம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம், ஆனால் முதல் இரண்டு மூன்று தடவை ஓடி இறங்க வேண்டாம். கடைசி ஐந்து நிமிடம் மட்டும், அதுவும் சரிவு குறைந்த இடத்தில், அடியைச் சுருக்கி, குதிகாலை ஊன்றிப் பிரேக் போடாமல் ஓடிப் பார்த்து, அடுத்த இரண்டு நாள் தொடை என்ன சொல்கிறது என்று கவனிக்க வேண்டும். வலி அதிகமாக இருந்தால் அடுத்த முறை ஏறிவிட்டு, மேல்மலைக் கிராமங்களிலிருந்து வரும் பேருந்தில் இறங்கிவிடலாம். அதற்கான சில்லறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்புவது நல்லது.